வெள்ளைப்போளக் கேள்வி

மற்ற வீடுகளில் குடிலில் பாலகனை வைப்பது கடைக்குட்டியின் வேலை. எங்கள் வீட்டில் அந்த உரிமையைப் போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா முன்கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஆண்டவர் பிறந்த கதையிலிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார். அதிகம் பதில் சொன்னவர் கைக்குப் பாலகன் வருவார். அதுவரை மாதாவும் சூசையப்பரும் ஆடுமாடுகளும் காலி வைக்கோலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சித்தப்பா தமிழ்ப் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் சொல்லித் தருவார். அவர் கேட்பவை எல்லாம் காலை வாரிவிடும் கேள்விகள். மாதா பெத்லகேமுக்கு எதில் ஏறி வந்தாள் என்பார். கழுதை என்று கத்தினால் போச்சு. கழுதை படத்தில்தான் இருக்கிறது, வேதத்தில் இல்லை என்பார். ராஜாக்கள் எத்தனை பேர் என்று கேட்டாலும் அப்படித்தான். கீழ்த்திசையிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்று இருக்கிறதே தவிர, தலையை எண்ணி யாரும் எழுதவில்லையாம். குடிலில் நிற்கும் மூன்று ராஜாக்களையும் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வார். எனக்கு அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும்.

வருடா வருடம் ஜெயித்தது என் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். பதில் தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லிச் சித்தப்பாவைச் சிரிக்கவைத்து மார்க் வாங்கிவிடுவான். பாலகனை வைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்காகவே அவன் முதுகில் நாலு வைக்கலாம் போலிருக்கும்.

நாடு விடுதலை பெற்ற வருடம் அது. கொண்டாட்டத்துக்குக் கட்டிய தோரணங்கள் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் ரோட்டில் மழையில் நைந்து தொங்கிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். ஊரில் பாதிப் பேருக்கு மருந்து வைத்துக் கட்டியவர், சொந்தப் பிள்ளையின் தொண்டைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் அண்ணனுக்குக் குரலே இல்லாமல் போய், உள்ளே காற்று உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது. ஒட்டிக்கொள்ளும் நோய் என்பதால் என்னை அவன் பக்கத்தில் விடவில்லை. பின்னறைக் கதவுக்கு வெளியே நின்று அந்தக் கரகரப்பைக் கேட்டிருக்கிறேன்.

அவன் போன பிறகு அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். உப்பு, தண்ணீர், கதவைச் சாத்து, அவ்வளவுதான். தட்டில் கை வைத்த கையோடு எழுந்துவிடுவாள். அப்பா சத்தம் போட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு அம்மா இளைத்துப்போனாள். இப்படியே போனால் இவளும் தங்கமாட்டாள் என்று அப்பா சித்தப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. அந்த டிசம்பரில் நாங்கள் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை, வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை. குடில் மட்டும் இருக்கட்டும், போட்டியும் நடக்கட்டும், பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று சித்தப்பாதான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடியது. இந்தத் தடவை எனக்கு எதிரே சித்தப்பாவின் மகன் மட்டும்தான். எனக்குத் தம்பி முறை, ஏழு வயது, மாதாவின் கணவர் பெயரிலேயே சந்தேகம். பாலகன் என் கைக்குத்தான் வந்தாக வேண்டும். அழுகை வரும்போதும் இந்தக் கணக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பிறந்த வீடு எங்கள் ரோட்டின் கடைசியில், மலாக்கா செட்டிகள் கூடி வாழும் கம்பத்தில், அதாவது அவர்கள் குடியிருப்பில். அவர்கள் கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது சாரோங் கெபாயா, பேசுவது மலாய். சித்தப்பாவைக் கட்டிக்கொள்வதற்காகச் சித்தி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டாள். அவள் முன்னோர்கள் பெறவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் அவள் தாய்வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். பார்ச்சு என்று அதற்குப் பெயர். வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்க நேரம் விட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறப்பார்கள்.

தன் வீட்டு ஆட்கள் பொங்கலுக்கு முந்தின நாள் வருகிறார்கள் என்றால், கோயில் பிள்ளையான அண்ணன் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தானே வருவான் என்பது சித்தியின் வாதம். பொங்கல் அவனுக்கு என்ன தெரியும்? பசியோடு வருகிற பிள்ளைக்கு ஓர் இலை போடாமல் இருப்பதா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா எரிந்து விழுந்தார். சுவாமியாருக்குத் தெரிந்தால் கோயில் வாசலை மிதிக்க முடியுமா என்றார். சித்தி சரி என்றாள். சித்தி சரி என்று சொன்னால் செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

முந்தின நாள் மத்தியானம் அம்மா பக்கத்து வீட்டு அம்மாளோடு பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனாள். அப்பா வேலையிலிருந்து திரும்பவில்லை. மூடிய தட்டோடு சித்தி பின்னறைக்குள் நுழைவதைப் பார்த்து நானும் பின்னாலேயே போனேன். அண்ணன் கடைசியாகப் படுத்திருந்த அறை அது. இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, சம்பால் மீன், வறுத்த கத்தரிக்காய். பக்கத்தில் ஒரு பாட்டில் ஆரஞ்சு சோடா. அதன் மூடியைத் திறந்தே வைத்தாள், அவர்களால் திறக்க முடியாதாம். விளக்கை ஏற்றிவிட்டு என்னை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஜாங்கான் பூக்கா, தெறக்காதே. உள்ள யாரும் இருக்கக் கூடாது. இருந்தா அவன் வரமாட்டான். அப்படியும் வந்துட்டான்னா, திரும்பிப் போகமாட்டான்."

அவள் இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, அடுப்பை அணைத்துவிட்டாயா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா நனைந்து வந்து, துணி மாற்றிக்கொண்டு, மூலையில் பத்திரிகையை விரித்தார். அம்மா மழைக்குக் கோயிலிலேயே நின்றுவிட்டிருப்பாள் என்று எல்லோரும் நினைத்தோம். சித்தப்பா போட்டியை ஆரம்பித்தார். தம்பி தனியாகத் திணறுவான் என்று சித்தியையும் கூப்பிட்டு அவன் பக்கத்தில் உட்காரவைத்தார். கதவைத் தட்டப் போக வேண்டியவள், அப்பாவை வைத்துக்கொண்டு எழவும் முடியாமல், பின்னறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அடுக்கடுக்காகப் பதில் சொன்னேன். ராஜாக்கள் குழந்தையைப் பார்த்தது தொழுவத்திலா? இல்லை, வீட்டில். இப்படி முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நடுவில் அவசரப்பட்டு இரண்டு மூன்றைக் கோட்டை விட்டேன். ராஜாக்கள் எத்தனை பேர் என்று சித்தப்பா தம்பியைக் கேட்டார். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, தெரியாது என்றான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. சித்தப்பா மகிழ்ந்துபோய் அதுதான் சரியான பதில் என்று மார்க் போட்டார். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தம்பி என் காதருகே வந்து, உள்ளே யாரோ மெல்லுகிறார்கள் என்றான்.

கவனித்தேன். கூரையில் மழைச் சத்தம். அதற்கு அடியில், பின்னறைக் கதவுக்குப் பின்னால், நிதானமாக எதையோ மெல்லுகிற சத்தம். சித்தியும் கேட்டுவிட்டாள். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மரத்தரையில் ஒரு பாட்டிலை எடுத்துத் திரும்ப வைக்கும் சத்தம் வந்தது. அப்பா பத்திரிகையைப் புரட்டவே இல்லை.

சித்தப்பாவுக்குக் கேட்டதோ இல்லையோ, குரலை உயர்த்தி, இதுதான் கடைசிக் கேள்வி என்றார். பொன் ராஜாவுக்கு உரியது, சாம்பிராணி கடவுளுக்கு உரியது. "அந்த மூணாவது, வெள்ளைப்போளம். அது செத்தவங்க உடம்புக்குப் பூசறது. பொறந்த பிள்ளைக்கு அதை எதுக்குக் கொண்டுவந்தாங்க?"

பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. ஒவ்வொரு வருடமும் கேட்கும் கேள்விகள்தான், பழக்கத்தில் வாய் ஓடிவிட்டது. அந்த வருடம் அந்த வீட்டில் கேட்கக் கூடாத கேள்வி என்பது கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ பதில் தெரியும். அந்தக் குழந்தை சாவதற்காகவே பிறந்தது என்பதைக் காட்டுவதற்காக. ஞானோபதேசத்தில் அவரே சொல்லித் தந்தது. கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

"வர்ற வழியில வேற கடை தெறந்திருக்காது."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. காற்று உரசுகிற அந்தக் கரகரப்புதான். போன வருடம் இதே கேள்விக்கு அண்ணன் சொன்ன பதில் இது. தப்பான பதில், ஆனாலும் வீடே சிரித்து, சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க் போட்டுவிட்டார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சித்தி மலாயில், "டா டாத்தாங்," என்றாள். வந்துவிட்டான் என்று அர்த்தம். எனக்குப் பயத்தோடு பயமாக ஆத்திரமும் வந்தது. என் வாயிலிருந்த பதிலைத் தட்டிப் பறித்துவிட்டானே.

அப்பா எழுந்து பின்னறைப் பக்கம் போனார். சித்தி குறுக்கே பாய்ந்தாள். "அபாங், மொதல்ல தட்டுங்க," என்றாள். அப்பாவை அவள் மலாயில்தான் அண்ணன் என்று கூப்பிடுவாள். தனக்குத் தெரியாமல் இலை போடப்பட்டிருக்கிறது என்பது தட்டுங்க என்ற அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு விளங்கியிருக்கும். சித்திக்கு அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது, எத்தனையோ பிணங்களைத் தொட்டுத் தூக்கிய என் அப்பா, சொந்த வீட்டுக் கதவை ஒற்றை விரலை மடக்கித் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் திறந்தார்.

உள்ளே அம்மா, இலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மழைக்கு முன்பே திரும்பிச் சமையலறை வழியாக வந்தவள், விளக்கையும் இலையையும் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். கையில் சோறு ஒட்டியிருந்தது. இலையில் மீன் முள் தவிர ஒன்றும் மிச்சமில்லை. சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். யாரும் இருக்கக் கூடாத அறையில் அம்மா இருந்திருக்கிறாளே.

அப்பா அம்மாவின் எதிரே குந்தி உட்கார்ந்தார். "நீயா பேசுன?"

அம்மா வாயில் இருந்ததை விழுங்கினாள். "நான் எங்க பேசுனேன்? வாய் நிறையச் சோறு இருந்துச்சு. அவன்தான் சொன்னான்."

மாதக்கணக்கில் உப்பு தண்ணீர் தவிர ஒன்றும் பேசாத தொண்டை. அந்தக் குரலும் கரகரத்துத்தான் இருந்தது. அப்பா பாட்டிலைப் பார்த்தார். பாதி காலியாகியிருந்தது. சோடாவைத் தான் தொடவில்லை என்றாள் அம்மா, கேட்காமலேயே. அப்பா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையை அவரே கழுவிவிட்டார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மிச்சச் சோடாவை வெளியே மழையில் ஊற்றினாள்.

சித்தப்பா பஞ்சில் சுற்றிய பாலகனை எடுத்துவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். கடைசி மார்க் யாருக்கு என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அம்மா வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாளே தவிர குடில் பக்கம் நகரவில்லை.

நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்பா தலையைத் தடவிக் கொடுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"எப்பப் பாத்தாலும் அவனே ஜெயிக்கிறான். கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டுச் சொல்றான். அழுகுணி ஆடறான்."

சித்தப்பா என் வாயைப் பொத்த வந்தார். அதற்குள் அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பச் சிரிப்பாகி, கண்ணில் நீர் வர நின்றாள். "ஆமாடி, அவன் எப்பவுமே அழுகுணிதான்," என்று சொல்லிப் பாலகனை என் கையில் வைத்தாள். அது அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், அவன் மனம் மாறுவதற்குள் வைத்துவிட வேண்டும் என்று ஓடிப்போய் வைக்கோலில் வைத்தேன்.

என்னைக் கேலி செய்துதான் அம்மா சிரித்தாள் என்று நினைத்து, அன்றைய பூசை முழுவதும் அவளோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் அவள் தட்டை முழுதாகச் சாப்பிட்டு முடித்தாள். சித்தி தன் இலைதான் வேலை செய்தது என்று நம்பினாள், அப்பா காரணம் தேடவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் போனதிலிருந்து வீட்டில் எல்லோரும் அவனைத் தங்கம் என்றும் சம்மனசு என்றும் தணிந்த குரலில் சொல்லி, அவனுக்காகச் செபம் செய்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும் வழக்கம்போல அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். செத்துப்போனவனோடு யாரும் சண்டை போடமாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.