அப்பா அறுத்துக் குறுக்கிய சைக்கிள்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த ஆண்டில் எங்கள் ஊரான காஜா பேராங்கில் எல்லோருக்கும் புதிதாக எதையாவது செய்துவிட வேண்டும் என்ற வேகம் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டார் வேலிக்குச் சாயம் பூசினார்கள். என் அப்பா, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சைக்கிளை அறுத்தார்.

அப்பாவுக்குச் சைக்கிள் பைத்தியம். மணி, விளக்கு எதுவும் அவர் கண்ணில் படாது. சட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். தெருவில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் குனிந்து, குழாய்கள் எந்தச் சாய்வில் சேர்கின்றன என்று விரலால் அளப்பார். பின்சக்கரம் ஆளுக்கு நேர் கீழே வந்துவிட்டால் எந்த மேட்டிலும் வழுக்காது என்பது அவர் கட்சி. அதற்காகவே பின்பக்கக் குழாய்களைக் குட்டையாக்கி, பட்டறையில் பற்றவைத்துக்கொண்டு வந்தார்.

“வேலைக்குப் போற சைக்கிள இப்படிப் பண்ணிட்டீங்களே!” என்று அம்மா தலையில் கைவைத்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, புதுச் சைக்கிள் வாங்கிய மிதப்பில் இருந்தார். “என்ன மச்சான், உங்க சைக்கிள் குந்திக்கிட்டு இருக்கு?” என்றார்.

கொண்டாட்டத்துக்காகப் புக்கிட் பாரு பக்கம் ஒரு செம்மண் மேட்டில் சைக்கிள் போட்டி வைத்தார்கள். கால் தரையில் படாமல் உச்சிக்குப் போக வேண்டும். தோற்றால் சைக்கிளைப் பழையபடி ஆக்கிவிட்டு, இனி ரம்பத்தையே தொடக் கூடாது என்று அம்மா அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒத்திகையில் பின்சக்கரம் வழுக்கவே இல்லை. ஆனால் முன்சக்கரம் மேலே தூக்கியது. அப்பா என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் ஒல்லி, நான் அந்த வயதிலேயே நல்ல புஷ்டி. “நீ வாம்மா” என்று என்னைத் தூக்கி முன்பாரில் உட்காரவைத்தார். அப்பாவுக்கு என் மேல்தான் பிரியம் என்று எடுத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பழிப்புக் காட்டினேன்.

போட்டியன்று மாமாவின் புதுச் சைக்கிள் பாதி மேட்டிலேயே வழுக்கி, அவர் காலை ஊன்றிவிட்டார். நாங்கள் ஏறிக்கொண்டே இருந்தோம். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு ரப்பர் மர வேரில் பட்டு முன்சக்கரம் என்னோடு அந்தரத்தில் எழும்பியது. என் காதருகே அப்பாவின் மூச்சு நின்றது. பிறகு சக்கரம் மண்ணில் இறங்கியது. ஜெயித்துவிட்டோம்! “குந்துன சைக்கிள் ஏறிடுச்சு லா!” என்று மாமாவே கத்தினார். அத்தனை பேர் என் அப்பாவுக்குக் கைதட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

மறுநாளே அப்பா பட்டறைக்குப் போய், பின்குழாய்களை மறுபடி நீட்டிப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். ஜெயித்த சைக்கிளை யாராவது மாற்றுவார்களா என்று மாமா சிரித்தார். வழக்கமாகச் சத்தம் போடும் அம்மா, அன்று தானாகவே அப்பாவுக்குக் காப்பி கலக்கினாள்.

“அடுத்த போட்டிக்கும் நான்தானே?” என்று கேட்டேன்.

“வேணாம்மா. இனிமே முன்சக்கரம் தூக்காது. நீ கீழ நின்னு பாரு.”

அன்று நான் சாப்பிடாமல் அழுதேன். அந்தச் சைக்கிள் பிறகு எந்த மேட்டிலும் ஜெயிக்கவில்லை. உச்சியில் என்னை இறக்கிவிட்ட பிறகும் அப்பா வெகுநேரம் என்னை விடாமல் அணைத்துக்கொண்டிருந்ததை, ஜெயித்த களிப்பு என்றே எண்ணியிருந்தேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அருமையான ஒரு சைக்கிளை அப்பா கெடுத்துவிட்டார் என்பதுதான்.