புத்தக அட்டையில் என் படம்

ஏழைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதியே பேர் வாங்கினவங்க அந்த மேடம். பொருளாதாரப் பேராசிரியை. திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வருசா வருசம் வருவாங்க. வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டாங்க. "நேத்து ராத்திரி என்ன ஆக்குனீங்க? சட்டியக் காட்டுங்க" என்பாங்க. அவங்க எழுதினதால்தான் ரேஷன் அரிசி ஒழுங்காக வருது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நானும் அதைத் தின்றவள்தான்.

என் வீட்டுக்காரர் செத்த வருசம் காலிச் சட்டியோடு என்னைப் படம் எடுத்தாங்க. எதுக்கு என்று கேட்க எனக்குக் கூச்சம்.

பல வருசம் கழித்து என் மகளுக்கு விக்கிரவாண்டியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். பொண்ணு மாப்பிள்ளை பேரைச் சொல்லி, தடை இருந்தால் சொல்லுங்க என்று கேட்பார்கள். முதல் ஓலை வாசித்த வாரம் மேடத்துக்குப் பெரிய விருது. பேப்பரில் அவங்க புத்தக அட்டையைப் போட்டிருந்தார்கள். அட்டையில் நான்.

மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினார்.

"உங்க வூட்டு சட்டி ஊரெல்லாம் சுத்திக்கினு கீதே, சம்பந்தியம்மா. சோத்துக்கு இல்லாத வூட்லயா பொண்ணெடுக்கிறீங்கன்னு எங்க ஜனம் கேக்குது."

"அது பழைய படங்க" என்றேன்.

மகள்தான் மேடத்துக்குச் சொன்னாள். மறுநாளே கார் வந்தது. என்னையும் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாங்க. தன்மையாகத்தான் ஆரம்பித்தாங்க.

"பசி இவங்க தப்பில்லைங்க. இந்தப் படம் எடுத்த வருசம் உங்க தெருவுக்கும் வந்தேன். இந்த வீட்லயும் அடுப்பு எரியல. அதையும் எழுதியிருக்கேன்."

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்தம்மா, "காபி போடுறேன்" என்று உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.

காரில் மேடம் கேட்டாங்க. "உள்ளதத்தானம்மா சொன்னேன்?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறு பூசையில் சாமியார் மற்றவர்கள் ஓலையை வாசித்தார். எங்களுடையதை வாசிக்கவில்லை. வெளியே வந்ததும் ஒருத்தி மகளைப் பிடித்துக்கொண்டாள். "என்னாடி, உங்க ஓலைய சாமியாரு மறந்துட்டாரா?"

"மறக்கலக்கா. நின்னு போச்சு" என்றாள் மகள்.

அடுத்த பதிப்பில் மேடம் படத்தை எடுத்துவிட்டாங்க. மகளுக்கு வேறு இடம் அமையவில்லை. விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். ஓலை வாசிக்கிற காலைப் பூசைக்கு என்னோடு வருவதில்லை. சாயங்காலப் பூசைக்குத் தனியாகப் போய் வருகிறாள்.