இவங்க யாருன்னு தெரியாது

எழுபதுகளின் தொடக்கம். ஆடிச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த எஸ்டேட் ஆபீஸ் வாசலில், ஏலக்காய் எடுக்கும் பெண்கள் நாங்கள் தர்ணா உட்கார்ந்திருந்தோம். எங்களில் சிலரைத் திடீரென்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். நானும் அதில் ஒருத்தி.

எல்லாரும் அரிசி கொண்டுவந்து ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சுவோம். அந்தக் கஞ்சிக்குத்தான் அவள் முதலில் வந்தாள். ஏழு வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுக்கும் பிள்ளை. பேர் கேட்டால் சிரிப்பாளே தவிர சொல்லமாட்டாள். கஞ்சி குடித்த கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களைவிடச் சத்தமாக "சிந்தாபாத்" போடுவாள். நான் பேன் பார்த்துவிட்டால் அப்படியே மடியில் தூங்கிப்போவாள்.

எனக்குக் கல்யாணமாகியும் அப்போது குழந்தை இல்லை. "வேலை கெடைக்குதோ இல்லையோ, ஒனக்குப் புள்ள கெடைச்சிருச்சுடி" என்று கேலி பேசினார்கள். கேலியாகவே இருக்கட்டும், தர்ணா முடிந்ததும் அவளை எங்கள் ஊரான கம்பத்துக்குக் கூட்டிப்போவதென்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு மத்தியானம் போலீஸ் வந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்து வேனில் ஏற்றினார்கள். கைக்குழந்தைகளைத் தாயோடு விட்டார்கள். நானும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

"இது ஆருடெ குட்டி?" என்று மலையாளத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எம்புள்ளதான் சாரே."

அவர் லத்தியால் என்னைக் காட்டி அவளிடமே கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இவங்க யாருன்னு தெரியாது."

"ஏன் புள்ள இப்பிடிச் சொல்ற?" என்று கத்தினேன். அவளை இறக்கிவிட்டு வேன் கிளம்பிவிட்டது. சோறு போட்டு வளர்க்க நினைத்தேனே, நன்றிகெட்ட கழுதை என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

ஜாமீனில் வெளியே வந்ததும் கோபத்தோடுதான் தேடினேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர்தான் சொன்னார். "இங்கன கெடக்குற புள்ளைக போலீஸ்கிட்ட யாரையும் தெரியும்னு சொல்லாதுகம்மா. தெரியும்னு சொன்னா, கூட இருக்கவுகளுக்கும் அடி விழும்ல. ஒன்னய அடிச்சிரக் கூடாதுன்னு சொல்லிருக்கும்."

நாங்கள் ஜெயிலில் இருந்தபோது, பஸ் ஸ்டாண்டில் கிடந்த பிள்ளைகளையெல்லாம் ஒரு லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே இறக்கிவிட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மலைக்குக் கீழே கம்பம், தேனி என்று நானும் வீட்டுக்காரரும் அலைந்தோம். கிடைக்கவே இல்லை.

வேலை திரும்பக் கிடைத்தது. பிறகு இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். வாய் நிறைய அம்மா என்று கூப்பிடுகிறார்கள். ஆனாலும், நான் அடி வாங்கக் கூடாதென்று என்னைத் தெரியாது என்று சொன்னாளே, அந்தப் பிள்ளையை நன்றிகெட்டவள் என்று திட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.