1952ஆம் ஆண்டு நோட்டீஸ்

என் பழைய தேர்தல் நோட்டீஸ் சேகரிப்பை இனிப் பிறர் பார்வைக்கும் திறந்துவிடுவதென, நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று காலை தீர்மானித்தேன்.

முதல் பார்வையாளர், வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்த வேட்பாளர். 1952இல் அவரே வெளியிட்ட நோட்டீஸை நீட்டினேன். வேறு யாரிடமும் அதன் பிரதி இல்லை. ‘துணுக்காய் வீதிக்கு ஆறே மாதத்தில் பாலம்’ என்பது முதல் வரி. மனிதர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

“அட, இதைத்தான் தம்பி தேடித் திரிஞ்சனான்!”

“ஐயா, இது பதின்மூண்டு வருசப் பழசு.”

“அதுக்கென்ன? ஒரு வரியும் பழுதாகேல்லை. பின்னேரம் திருப்பித் தாறன்.”

நோட்டீஸோடு ஜீப் அச்சகத்துக்குப் புறப்பட்டுவிட்டது.

சொன்ன சொல் தவறாமல் பின்னேரமே அனுப்பிவிட்டார். 1952 என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே 1965 என்று எழுதியிருக்கிறார்கள்.