தொண்டர் என்று எழுதியது

யுத்தம் முடிந்த மறுவருஷம், வைகாசி மாதம், மலேயாவுக்குப் போகும் மருத்துவக் குழுவுக்குக் கம்பவுண்டர்கள் தேவை என்று பத்திரிகையில் பார்த்தேன். அப்போது தருமபுரி ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை, வீடு பாப்பாரப்பட்டியில். சேவை மனப்பான்மையால் விண்ணப்பித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் அண்ணன் அங்கே ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். அவருடைய கடைசிக் கடிதம் 1941 கார்த்திகையில் வந்தது. பிறகு ஜப்பான்காரன் வந்தான், கடிதம் நின்றது. அண்ணி எங்களோடுதான் இருந்தார். அவர் இன்னும் தாலியோடு இருக்கலாமா என்று ஊரில் ஜாடையாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். நேரில் போய்த் தெரிந்துகொண்டு வருவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தேன்.

வாந்திபேதிக்கும் டைபாய்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டேன். அம்மையும் குத்திக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் காய்ச்சல் வந்தது. வீங்கிய கையோடு, பெட்ரோல் பஞ்சத்தால் கரி எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் போவதும் வருவதுமாக வைகாசி கழிந்தது. பாக்கி இருந்தது மணியக்காரரின் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான்.

மனுவைத் தமிழில் நானே எழுதினேன். 'மருத்துவக் குழுவில் தொண்டராகச் செல்ல விரும்புகிறேன்' என்று ஒரு வரி. மணியக்காரர் அதைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார். நாற்பத்திரண்டில் ஒருவனுக்கு, நல்லவன் என்று அவர் கையெழுத்துப் போட, அவன் மறுவாரம் காங்கிரஸ் போராட்டத்தில் தந்திக் கம்பியை அறுத்துப் பிடிபட்டிருக்கிறான். இவருக்கு வேலை ஆறு மாதம் நின்றுபோனது. எங்கள் ஊரில் தொண்டர் என்றால் கொடி பிடித்துச் சிறைக்குப் போகிறவர்தான். வேறு பொருள் கிடையாது.

"சம்பளம் எவ்ளோ குடுக்கறாங்க, கம்பவுண்டரே?"

"சம்பளம் இல்லீங்க."

"சம்பளம் இல்லாம கப்பல் ஏறுனவன நான் பாத்ததில்ல. நெசத்தச் சொல்லுங்க, எந்த ஜெயிலு?"

பக்கத்திலிருந்த தலையாரி சிரித்தார். 'கூலி இல்லாத மருந்து வேலை' என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுவதாக மணியக்காரர் சொன்னார். நான் மாற்றவில்லை. அச்சடித்த பாரத்தில் ஆங்கிலத்தில் 'வாலண்டியர்' என்று இருந்ததற்குச் சரியான தமிழ் அதுதான் என்று வாதாடினேன். நாலு புத்தகம் படித்த கர்வம். அகராதியைக்கூட எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. நான் நடந்தது ஐந்து தடவை. ஆனி இரண்டாம் வாரம், அலுத்துப்போய், அவர் சொன்னபடியே எழுதினேன். உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சான்று போய்ச் சேர்ந்த எட்டாம் நாள் பதில் வந்தது. காகிதங்கள் தாமதமானதால் என் இடத்துக்குக் கம்பைநல்லூர்க் கம்பவுண்டர் ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம். வருந்துவதாகவும் ஒரு வரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பைநல்லூர்க்காரரிடம் கொடுக்க அண்ணனைப் பற்றி ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். தோட்டத்தின் பெயர், கப்பல் ஏறிய தேதி, கடிதங்கள் வந்த தேதிகள் எல்லாம் என்னிடம் இருந்தன. அங்க அடையாளம் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அண்ணனுக்கு என்ன அடையாளம் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கை நின்றது.

"எடது தோளுக்குப் பின்னால ஒரு தழும்பு இருக்குதுங்க. வெந்நி கொட்டுனது. நாந்தான் கொட்டிப்புட்டேன், வந்த புதுசுல."

எழுதினேன்.

"போறவரு சட்டையக் கழட்டச் சொல்லிப் பாப்பாருங்களா, தம்பி?"

"சொல்லி விடறேன் அண்ணி."

கொஞ்ச நேரம் புடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க போயிருந்தா மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிருக்கும்."

மணியக்காரர் மேல் பழியைப் போட வாயெடுத்தேன். போடவில்லை. ஐந்து தடவை நடந்ததற்கு யார் காரணம் என்று நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ஒரு சொல்லை மாற்ற மறுத்து நான்தான் நாளைக் கடத்தினேன் என்று அன்று சொன்னேன். அவர் முறத்தை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, குறிப்பை எடுத்துக்கொண்டு கம்பைநல்லூர் பஸ் ஏறினேன்.