தாலியை மறைத்த பெட்டி

வில்லியனூர் மார்க்கெட்டில் போன மாதம் ஒரு சேதி உலவியது. மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் குறுக்கே வந்து "பிறகு பார்க்கலாமா?" என்று கேட்டதாம், மாப்பிள்ளை மிரண்டுபோய் இரண்டாம் தடவை தாலி கட்டினாராம். அரியாங்குப்பம் போய்ச் சேர்வதற்குள் அது மூன்று தடவையாகி, மணப்பட்டில் கல்யாணமே நின்றுவிட்டது. விசாரிக்கப் போனேன். கம்ப்யூட்டர் பிரிட்டோவுடையது.

நான் போனபோது அவர் இடது கையில் டீ, வலது கையில் மவுஸ். கண் என் மேல் இருக்க, கை மட்டும் திரையின் வலது கீழ் மூலையில் எதையோ சொடுக்கி விரட்டியது. கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா எதுவானாலும் பெரிய எல்.இ.டி. திரை கட்டி, கேமரா பார்ப்பதை அதில் ஓடவிட்டு, அதையே பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நேரலையாக அனுப்புவது பிரிட்டோவின் தொழில். அதற்கான வீடியோ செயலி அந்த மூலையில் அடிக்கடி ஒரு பெட்டியைக் காட்டும்: 'புதிய பதிப்பு வந்துள்ளது. இப்போதா? பிறகா?'

"இன்னா சார் பண்றது, டெய்லி வந்து கதவ தட்டும். நானும் மரியாதையா அப்புறம் வாப்பான்னு அனுப்பிடுவேன்."

அன்று நடந்தது இவ்வளவுதான். பாகூர் செல்வகுமாரியின் மூத்த மகள் கல்யாணம். நம் ஊர்க் கல்யாணங்களில் போட்டோக்காரர்கள் மேடையைச் சுற்றி மதில் எழுப்பிவிடுவதால், முதல் வரிசைக்காரரும் திரையில்தான் தாலியைப் பார்த்தாக வேண்டும். கெட்டிமேளம் முழங்கியது, பெட்டி வந்தது. பெண்ணின் கழுத்தும் மாப்பிள்ளையின் கையும் படத்தில் அந்த மூலையில்தான் விழுந்திருந்தன; அவற்றின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. பிரிட்டோ அப்போது பந்தியில் இடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவந்து விரட்டுவதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. "மாப்ள, கைய இன்னொருவாட்டி கழுத்தாண்ட வைங்க" என்று போஸ் கேட்டதும் அவர்தான். ஊர் சொன்ன இரண்டாம் தாலி அது. கல்யாணம் நிற்கவில்லை, சாம்பார்தான் தீர்ந்துபோனது.

திரையில் ஓடியதே வீடியோவாகவும் பதிவானது. தாலி ஏறும் இடத்தில் இன்றைக்கும் 'இப்போதா? பிறகா?' நிற்கிறது. மறைக்காத படம் கேமராவின் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கேமரா புதுசு, செயலி பழசு. கார்டைத் திறக்கச் சொன்னால், 'முதலில் புதிய பதிப்பை நிறுவவும்' என்கிறது. பிரிட்டோ நிறுவ மாட்டார். எப்போதோ ஒரு தேருக்கு முதல் நாள் ஆசையாக நிறுவினார். மறுநாள் பாட்டு வரிகள் எல்லாம் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தன. "ஊரே வாயத் தொறந்துகினு என்னப் பாக்குது சார். அத்தோட போதும்டா சாமின்னு வுட்டுட்டேன்."

எனவே அவர் பெட்டியை ஒழிக்கக் கிளம்பினார். முதலில் இணையத்தைத் துண்டித்தார்; பிரான்சிலிருந்து போன் வந்தது. எல்.இ.டி.யின் மூலையில் சாமந்திச் சரம் தொங்கவிட்டார். மண்டபத்துக்கு மறைந்தது, பிரான்சுக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரின் அறிவிப்புகள் மொத்தத்தையும் ஊமையாக்கினார்; மழை வருமா என்று சொல்வது நின்றது, பெட்டி நிற்கவில்லை. அதை அனுப்புவது செயலியேதான் என்பது பிறகுதான் உறைத்தது. செயலியின் அமைப்புகளுக்குள் நுழைந்து, 'புதிய பதிப்பைத் தானாகத் தேடு' என்ற இடத்தில் டிக்கை எடுத்தார். அப்படியும் வந்தது. கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூட விழித்து, புதிய பதிப்பை வேவு பார்க்கும் குட்டி புரோகிராம் ஒன்று ஒளிந்திருந்தது. எந்தப் புரோகிராம் ஓடலாம், எது கூடாது என்று மேய்க்கும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் அதைப் பிடித்து முடக்கினார். அன்றோடு பெட்டி ஒழிந்தது.

பழக்கம் ஒழியவில்லை. நான் போனபோது அவர் விரட்டிக்கொண்டிருந்தது வெறும் மூலையை.

மனைவி சகாயராணிக்கு இந்த வெற்றியில் பெரிய மதிப்பில்லை. "கேக்கறத குடுத்துட்டா அது ஏன் மறுபடி வரப்போவுது? வூட்ல கொழா சொட்டுது, அதுக்கும் அப்புறந்தான். அத எங்க போயி முடக்குவாரு?"

"கொழாவுக்கு டாஸ்க் மேனேஜர் நீதான்டி" என்றார் பிரிட்டோ. நல்ல பதில்தான். குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே செல்வகுமாரி வந்துவிட்டார். பாகூரிலிருந்து பஸ் மாறி வந்த களைப்பு. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"இன்னா பிரிட்டோ, எம்பொண்ணு கல்யாணத்த எப்பதான் காட்டப் போற?"

"பெட்டிய ஒழிச்சிட்டேன் யக்கா. சின்னவ கல்யாணத்துக்கு வரவே வராது, பாருங்க."

"சின்னவளுது கெடக்கட்டும்பா. அவளுக்கு இன்னும் மாப்ளயே பாக்கல."

"அன்னிக்கே போஸ் எடுத்து வச்சிருக்கேனே யக்கா, அதப் போட்டு..."

"போஸ் எதுக்கு? நெசமா கட்னது வேணும்." குரல் உயரவில்லை. "அவுங்கப்பா போனதுலேருந்து என்ன யாரும் மேடைக்கு ஏத்தறதில்ல. கீழதான் நின்னேன். உன் தெரையத்தாம்பா நம்பி நின்னேன்."

கார்டு மேஜை மேல், டீ கிளாஸ் பக்கத்தில்தான் இருந்தது. பிரிட்டோ அதைப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த மவுஸ் மெல்ல நகர்ந்தது. அம்பு திரையின் வலது கீழ் மூலைக்குப் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு தடவை சொடுக்கியது.

செல்வகுமாரி நின்றுகொண்டே இருந்தார்.