வரைபடத்தில் இல்லாத சந்து

மீனம்பாளுக்கு நாற்பத்தெட்டு வயது. செஞ்சியில் மலையடிவாரக் காலனியில் பிறந்தவள். அந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக ஆசிரியர் பயிற்சி முடித்தவளும் அவள்தான். அவளுடைய நைனா இளையபெருமாள் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எதையும் லேசில் நம்பமாட்டார். அவருடைய இளவயதில், கணக்கெடுக்க வந்தவர் காலனிக்குள் கால் வைக்காமல், ஊரில் கோயில் நிழலில் உட்கார்ந்து யாரோ சொன்னதை எழுதிக்கொண்டு போனாராம். தொண்ணூறு குடும்பம் நாற்பதாகப் பதிவானது. தண்ணீர்க் குழாய் கேட்டுப் போகும்போதெல்லாம் அந்த நாற்பதைத்தான் காட்டினார்களாம். எழுதுகிறவன் கையைப் பார் என்று சொல்லியே மகளை வளர்த்தார்.

இந்த முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பள்ளி ஆசிரியையான அவளையும் போட்டார்கள்; எழுதுகிற கை அவளுடையதாக இருந்தது. சொந்தக் காலனியே அவளுக்கு ஒதுக்கப்பட்டது.

முதல் நாளே கதவுகள் சாத்திக்கொண்டன. கோட்டையைப் பார்க்க இப்போது வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள்; மலையை ஒட்டிய வீடுகளைக் காலி செய்யத்தான் இந்தக் கணக்கு என்று டீக்கடையில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அவள் செல்போனில் தட்டத் தட்ட, அது யாருக்குப் போகிறது என்று கேட்டார்கள். கூடப் படித்த மங்கைகூட வாசலில் நின்றபடியே பதில் சொன்னாள்.

கடைசிச் சந்தில் இருந்த தனகோட்டி அவளுக்குச் சித்தப்பா முறை. வீட்டில் தானும் மனைவியும் மட்டும்தான் என்றார். கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே யாரோ இருமினார்கள்.

"ரெண்டே பேரா சித்தப்பா?"

"நீ இன்னா கவர்மெண்டு ஆளா, எங்க வூட்டுப் பொண்ணா? அத மொதல்ல சொல்லு."

அன்றைக்கு அந்த வீட்டை எழுதாமலே திரும்பினாள். இந்தக் கணக்கு எதற்கு என்பதில் உண்மையில் அவளுக்கே சந்தேகம் இருந்தது. மேற்பார்வையாளர் கொடுத்திருந்த வரைபடத்தை அன்று மாலை விரித்துப் பார்த்தபோது அது இன்னும் கூடியது. தெரு இருந்தது, கோயில் இருந்தது, பம்பு செட்டுகூட இருந்தது. பத்தொன்பது வீடுள்ள அந்தச் சந்து மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் பாறை என்று குறித்திருந்தது.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளரைப் போய்க் கேட்டாள். பழைய மேப், யாரோ விட்டிருப்பார்கள் என்றார். வரைபடத்தில் உள்ளதை மட்டும் முடித்துவிட்டால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். பேசும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மறதியா, வேண்டுமென்றே செய்ததா என்று அவளுக்குப் புரியவில்லை.

அங்கிருந்து நேராகத் தனகோட்டியின் வீட்டுக்குப் போனாள். வரைபடத்தை அவர் முன்னால் வைத்து, பாறை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை ஊன்றினாள்.

"இதான் உன் வூடு சித்தப்பா. நீயே ரெண்டு பேருன்னு மறைச்சா, நாளைக்கி இடிக்க வர்றவனுக்கு இன்னும் சுளுவு. இங்க யாருமே இல்லன்னு சொல்லிட்டுப் போவான்."

தனகோட்டி காகிதத்தைக் கையில் எடுத்து, அந்த எழுத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மகன் இளவரசனைக் கூப்பிட்டார். மருமகள் வந்தாள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள், இருமிக்கொண்டே அவருடைய அக்கா அமிர்தவல்லியும் வந்தாள். ஏழு பேர். செய்தி பரவி, மதியத்துக்குள் சந்தில் இருந்த எல்லா வீட்டிலும் கதவு திறந்தது. மொத்தம் எண்பத்தாறு பேர்.

மீனம்பாள் வரைபடத்தில் பாறை என்றிருந்ததை அடித்துவிட்டுப் பத்தொன்பது கட்டங்கள் வரைந்தாள். மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய், திருத்தத்தில் கையெழுத்துப் போடும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் சலித்துக்கொண்டே போட்டார். அந்தத் தாளை அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

சந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது. காலி செய்யச் சொல்லி எவரும் வரவில்லை. ஆனால் மலைப்பக்கம் ஜீப் ஏதாவது வந்து நின்றால், பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மீனம்பாள் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வந்து, யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறாள்.